டிஷ்வாஷரில் அப்பளம்

நான் பி.ஈ. சிவில். முதல் வகுப்பில் தேறியவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் எதிலும் அதற்கான அறிகுறி உங்களுக்குத் தென்படாது.

படித்தவர்கள் பண்ணும் கோளாறே தனி. மற்றவர்கள் தெரியாத வேலையில் கை வைத்தால், சரிவரவில்லை என்றதும் ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நாங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தலைப்பு எழுதி, அடிக்கோடு இழுத்து, வரிசைக்கிரமமாகக் காரியத்தைக் கெடுப்போம். நான் கெடுத்தது ஒரு சமையலறை. (கீழ் வீட்டுக் கூரையையும் சேர்த்தால் ஒன்றரை.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி நான் நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிஸ்கட்டவேயில் ஒரு மாடி அபார்ட்மென்டில் குடியிருந்தோம். என் கணவர் சேகருக்கு கோபி பக்கம், எனக்கு ஈரோடு. அவருக்கு சாஃப்ட்வேர் வேலை. எனக்கு டிபென்டன்ட் விசா. அந்த விசாவில் சமைக்கலாம், துவைக்கலாம், பனியை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். சம்பளத்துக்கு மட்டும் எதுவும் செய்யக்கூடாது.

படிக்கலாம். அதுதான் பிரச்சினை. பத்து நிமிட தூரத்தில் ஸ்டேட் யூனிவர்சிட்டி இருந்தது. எம்.எஸ்.ஸுக்கு எழுதவேண்டிய பரீட்சைகளையெல்லாம் எழுதி முடித்திருந்தேன். அப்ளிகேஷன் ஃபாரம் ஃப்ரிட்ஜ் தலைமேல் இரண்டு மாதமாகத் தூசி வாங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி கடைசிக்குள் போஸ்ட் பண்ணவேண்டும். சேகர் தினம் கேட்பார், நான் தினம் ஒரு காரணம் சொல்வேன். உண்மைக் காரணம் பயம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தை ஒருநாள் பிரித்தேன். ஓரத்தில் பென்சிலால் குறிப்புகள் இருந்தன. என் கையெழுத்துதான். ஒரு வரிகூடப் புரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். அன்றைக்குக் கண்ணில் வந்த தண்ணீர் முழுக்க வெங்காயத்தால் வந்ததல்ல.

இனி டிஷ்வாஷர். அந்த வீட்டில் அது இருந்தது. ஆனால் அதை ஒரு மெஷின் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பாத்திரத்தைக் கையால் தேய்த்தால்தான் சுத்தம் என்று நம்பும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது கதவு வைத்த அலமாரி. மேல் தட்டில் அப்பளம், வடகம், காப்பிப்பொடி. கீழ்த்தட்டில் இட்லிக் குண்டானும் எவர்சில்வர் தூக்குகளும் அரிசி டப்பாவும். கரண்டி வைக்கும் கூடையில் ஊதுபத்தி. என் மாமியார் தபாலில் அனுப்பும் கொத்தவரை வற்றல்கூட அதில்தான் பத்திரமாக இருந்தது. எறும்பு வராது, ஈரம் வராது என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் பெருமையாகச் சொல்வேன். பிஸ்கட்டவேயில் பாதித் தமிழ் வீடுகளில் இதே ஏற்பாடுதான். யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு டெக்சாஸ் போனோம். ஆலனில் சேகரின் அக்கா இருந்தார். ஒரு வாரம். கிளம்புகிற அன்று காலையில், எங்கள் வீட்டில் அப்பா செய்வதையெல்லாம் நான் செய்தேன். ஊருக்குப் போவதென்றால் அப்பா வாசலில் செருப்பைப் போட்ட பிறகு மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போவார். ஒவ்வொரு ஸ்விட்சாகத் தொட்டுப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பார். டேப்புகளை இறுக்குவார். அந்த ரத்தம் எனக்கும் ஓடுகிறது. அடுப்பைப் பார்த்தேன், விளக்குகளை அணைத்தேன், ரேடியோவின் வயரைப் பிடுங்கினேன். கடைசியில் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு ஹீட்? ஆஃப்.

"எல்லாத்தையும் அணைச்சாச்சா?" என்று காரிலிருந்து சேகர் கேட்டார்.

"ஒண்ணு பாக்கியில்லாம அணைச்சுப்போட்டனுங்க," என்றேன்.

ஆலனில் நாங்கள் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டி.வி.யில் எங்கள் பக்கத்துக் குளிரைக் காட்டினார்கள். கார்கள் பனிக்குள் புதைந்து கிடந்தன. ரிப்போர்ட்டரின் மீசையில் ஐஸ் தொங்கியது. "உங்க வீடு பத்திரமா இருக்குமா?" என்று சேகரின் அக்கா கவலைப்பட்டார்கள்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தாங்க அண்ணி வந்திருக்கோம். ஒண்ணும் ஆகாது," என்று நான் இன்னொரு கரண்டி நெய் ஊற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தோம். வீட்டுக்குள் வாயைத் திறந்தால் புகை வந்தது. நல்லெண்ணெய் கெட்டியாகியிருந்தது. டிஷ்வாஷருக்கு மேலே, வெளிச்சுவரை ஒட்டி என் சாமி ஷெல்ஃப் இருந்தது. அதில் பஞ்சபாத்திரத்துத் தண்ணீர் ஐஸ் கட்டியாகி, உத்தரணி அதில் குத்தி நின்றது. "இங்க பாருங்களேன், எவ்வளவு அழகா இருக்குது!" என்று சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர் உறைந்தால் பருத்துக்கொள்ளும், பருத்தால் தன்னை அடக்கி வைத்திருப்பதைப் பிளக்கும் என்பதை நான் ஆறாம் வகுப்பில் படித்திருக்கிறேன். அந்த ஐஸைக் கையில் வைத்துக்கொண்டு அழகை ரசித்துவிட்டு, சிங்க்கில் போட்டுவிட்டு, ஹீட்டைப் போட்டேன்.

மறுநாள் காலை சமையலறையில் குளம்.

திங்கட்கிழமை சேகருக்கு லீவு. இரண்டு பேரும் குளத்தின் கரையில் நின்றோம். டிஷ்வாஷரின் காலடியில் தொடங்கி சிங்க் வரைக்கும் போய், அங்கிருந்து ஃப்ரிட்ஜை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீர். துணியை வைத்துத் துடைத்தோம். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தது.

"நேத்துல இருந்து நாம டேப்பே சரியாத் தொறக்கலையே. அப்பறம் எப்படி வசந்தி இவ்வளவு தண்ணி?" என்றார் சேகர்.

இந்தக் கேள்வியைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சரியான கேள்வி அது ஒன்றுதான். அதை சாஃப்ட்வேர்காரர் கேட்டார். சிவில் எஞ்சினியர் என்ன பதில் சொன்னாள் தெரியுமா? "நீங்க சும்மா இருங்க. இது ஹைட்ராலிக்ஸ்."

அவர் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸுக்கு போன் பண்ணப் போனார். நான் போனைப் பிடுங்கி வைத்தேன். எனக்குள் என்ன புகுந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடமாகச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்த கைக்கு முதல்முறையாகத் தன் துறையில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்ற வெறி.

"நானே கண்டுபுடிக்கறனுங்க. சாயங்காலத்துக்குள்ள கண்டுபுடிச்சா, அந்த ஃபாரத்த நாளைக்கே போஸ்ட் பண்றேன். இல்லீன்னா இனிமேல் எம்.எஸ்.னு நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"ஒரு ஒழுகலுக்கும் உன்ற படிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்குதுங்க."

அவர் ஃப்ரிட்ஜ் தலைமேல் இருந்த ஃபாரத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சரி. நான் என்ன பண்ணணும், சொல்லு," என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நோட்டை எடுத்தேன். 'கசிவு ஆய்வு' என்று எழுதி அடிக்கோடிட்டேன். சந்தேகப்பட வேண்டியவை மூன்று என்று முடிவு செய்தேன். ஒன்று, ஜன்னல். கண்ணாடியில் படியும் ஈரம் சுவர் வழியாக இறங்கலாம். இரண்டு, ஃப்ரிட்ஜின் அடியில் தண்ணீர் சேரும் தட்டு. மூன்று, சிங்க்கின் கழிவுக் குழாய். டிஷ்வாஷர் பட்டியலில் இல்லை. தண்ணீர் அதன் அடியிலிருந்துதான் வந்தது என்பது உண்மையே. ஆனால் அப்பள அலமாரியிலிருந்து எப்படித் தண்ணீர் வரும்? எங்கிருந்தோ வந்து அதன் அடியில் தேங்குகிறது என்று எழுதி, அதற்கும் அடிக்கோடிட்டேன்.

கல்லூரி லேபில் தண்ணீர் எந்த வழியில் போகிறது என்று பார்க்கச் சாயம் கலந்து விடுவோம். அதே முறை. ஆனால் பிஸ்கட்டவேயில் சாயத்துக்கு எங்கே போவது? ஒரு தமிழ் வீட்டில் என்ன கலர் இருக்குமோ அதை எடுத்தேன். ஜன்னலுக்குச் சொட்டு நீலம் (சேகரின் வேட்டிக்காக அம்மா பெட்டியில் வைத்து அனுப்பியது). ஃப்ரிட்ஜுக்குக் குங்குமம். சிங்க்குக்கு மஞ்சள்பொடி.

முதலில் ஜன்னல். நீலம் கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டு விளிம்பு முழுக்கத் தடவினேன். தரையைச் சேகர் துடைத்தார். அரை மணி நேரம் காத்திருந்தோம். தரையில் தண்ணீர் வந்தது, தெளிவாக. நீலமில்லை. 'ஜன்னல் நிரபராதி' என்று நோட்டில் எழுதினேன். வெள்ளை ஜன்னல் சட்டம் முழுக்க நீலம் இறங்கியிருந்ததை எழுதவில்லை.

அடுத்து குங்குமம். ஃப்ரிட்ஜை இரண்டு பேருமாக இழுத்து, பின்னாலிருந்த தட்டில் கரைத்து ஊற்றினோம். மறுபடி துடைத்து, மறுபடி அரை மணி. மறுபடி தெளிவான தண்ணீர்.

"நாம ஊத்தாத தண்ணி பாட்டுக்கு வந்துகிட்டே இருக்குது பாரு," என்றார் சேகர், கைத்துணியைப் பிழிந்துகொண்டே.

"அதான் மூணாவது ஒண்ணு பாக்கி இருக்குதில்ல?" என்றேன். வெற்றி பக்கத்தில் வந்துவிட்ட குரல் எனக்கு.

மூன்றாவது சோதனையை நான் சாதாரணமாகச் செய்யவில்லை. குழாயில் ஒழுகல் இருந்தால் அழுத்தம் கொடுத்தால்தான் தெரியும். எனவே சிங்க்கின் இரண்டு தொட்டிகளையும் அடைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினேன். அரைக்கிலோ பாக்கெட்டில் பாதி மஞ்சளைக் கொட்டிக் கலக்கினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று இரண்டு அடைப்பானையும் ஒரே நேரத்தில் பிடுங்கினேன்.

தண்ணீர் சுழன்று இறங்கியது. பாதியில் தயங்கி நின்றது. உள்ளே எங்கேயோ தொண்டையைக் கனைப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு டிஷ்வாஷர் கதவின் கீழ்விளிம்பிலிருந்து, மங்களகரமாக, மஞ்சள் தண்ணீர் வழிந்து தரையில் பரவியது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! சிங்க்தான்! சிங்க் குழாய்தான்!" என்று நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன். அந்த ஈரத் தரையில் விழாமல் இருந்ததுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல விஷயம். சேகரும் கைதட்டினார். அவர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம். ஃப்ரிட்ஜை இழுத்தபோது ஒருபக்கமாகச் சரிந்திருந்த ஃபாரத்தை நான் எட்டி எடுத்து, மஞ்சள் கையாலேயே நேராக்கி வைத்தேன். நாளைக்கே போஸ்ட்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்டுபிடித்தவளுக்குச் சரிசெய்யவும் ஆசை வந்தது. சிங்க்குக்கு அடியில் வளைந்து போகும் குழாயைக் கழற்றி, எங்கே பிளந்திருக்கிறது என்று கையில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். சேகர் ஒரு குண்டானைப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்தார். நான் ஸ்பானரைப் போட்டுத் திருகினேன். குழாய் வரவில்லை, வரவில்லை, வந்துவிட்டது. அதற்குள் அடைபட்டிருந்த காப்பித்தூளும் கறிவேப்பிலையும் பாதித் தொட்டி மஞ்சள் தண்ணீரும் மொத்தமாக இறங்கின. குண்டானில் ஒரு டம்ளர் விழுந்திருக்கும். மீதியெல்லாம் சேகர்மேல்.

எங்கள் பக்கத்தில் மாரியம்மன் நோம்பி முடிகிற அன்று முறைக்காரர்மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். மாமன் மகன்கள் தெருத்தெருவாக ஓடுவார்கள், பெண்கள் குடத்தோடு துரத்துவார்கள். சேகர் பனியனும் வேட்டியுமாக, தலையிலிருந்து கால் வரை மஞ்சளாக, நெற்றியில் ஒரு கறிவேப்பிலையோடு எழுந்து உட்கார்ந்தார்.

"நோம்பி முடிஞ்சுதா, இன்னும் இருக்குதா?" என்றார்.

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

கீழ் வீட்டு ரோஸ் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தன்னந்தனியாக இருந்தவர். அந்த ஊரில் எனக்கு முதல் குளிர்காலத்தில் கோட் எப்படி வாங்குவது, பஸ் எங்கே ஏறுவது என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவர்தான். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர் அன்றைக்கு மூச்சு வாங்க நின்றார்.

"என்ன பிள்ளை, மேல என்ன நடக்குது? எங்கட சீலிங்கால மஞ்சளா ஒழுகுது. நான் பயந்திட்டன்," என்றவர், என் தோளுக்கு மேலே சேகரைப் பார்த்தார். "ஐயோ கர்த்தரே! தம்பிக்கு என்ன செய்தனீ?"

கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே, வெள்ளைக் கூரையில், ஒரு பெரிய வாழையிலை அளவுக்கு மஞ்சள். சொட்டுச் சொட்டாக அவருடைய வெள்ளை லேஸ் மேசைவிரிப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அது அவருடைய அம்மா கையால் பின்னியது. வரும்போது பெட்டியில் அவர் கொண்டுவந்த நல்ல பொருள் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அந்த விரிப்பைப் பார்த்தபோது என் உற்சாகமெல்லாம் வடிந்துவிட்டது. விளையாட்டாக ஆரம்பித்தது அடுத்தவர் வீட்டுக்குள் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பறவாயில்லை பிள்ளை, தோய்ச்சா போகும்," என்றார். போகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு மறுபேச்சு இல்லாமல் நானே மெயின்டனன்ஸுக்கு போன் பண்ணினேன்.

வந்தவர் பெயர் ரே. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம், நரைத்த மீசை, இடுப்பில் கருவிகள். சமையலறை வாசலில் நின்று நீல ஜன்னலையும், சிவப்புத் தட்டோடு நடுவில் நின்ற ஃப்ரிட்ஜையும், மஞ்சள் தரையையும், மஞ்சள் சேகரையும் நிதானமாகப் பார்த்தார். ஏதோ எங்கள் மதச் சடங்கு என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"டிஷ்வாஷர்?" என்று கேட்டார்.

"நோ டிஷ்வாஷர்," என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில்.

ரே கையை நீட்டிக் காட்டினார். அது இருந்தது.

"ஓ, தட்! வீ டோன்ட் யூஸ் இட்," என்றேன்.

அவர் கதவைத் திறந்தார். கீழ்த்தட்டில் முழங்கால் மூழ்க மஞ்சள் தண்ணீரில் இட்லிக் குண்டான் நின்றது. அரிசி டப்பாவுக்குள் அரிசி மஞ்சள் நிறத்தில் ஊறியிருந்தது. மேல் தட்டிலிருந்து நழுவி விழுந்த அப்பளங்கள் தோல்போல மிதந்தன. மாமியார் அனுப்பிய கொத்தவரை வற்றல் பழையபடி பச்சைக் காயாகப் பருத்திருந்தது. ஊதுபத்தி மட்டும் தலை நனையாமல் கூடையில் நேராக நின்றது. அதைப் பார்த்து ரேவுக்குச் சடங்குதான் என்று உறுதியாகியிருக்கும்.

பிறகு அவர் டிஷ்வாஷரின் காலடியில் இருந்த தகட்டை, இரண்டு திருகாணியைத் திருகிக் கழற்றினார். டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே, வெளிச்சுவர்ப் பக்கமாக, உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் வால்வு. டிஷ்வாஷருக்குத் தண்ணீர் வரும் குழாயில் மாட்டியிருந்தது. நடுவில் நெடுக வெடித்திருந்தது. அதிலிருந்து தெளிவான தண்ணீர், அவசரமே இல்லாமல், கசிந்துகொண்டிருந்தது.

அவர் விளக்கியதன் சாரம் இது. மெஷினைப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வால்வு வரைக்கும் தண்ணீர் எப்போதும் வந்து நிற்கும். கடும் குளிரில் அது உறைந்து வால்வைப் பிளந்திருக்கிறது. வீட்டுக்குள் சூடு ஏறியதும் ஐஸ் உருகி ஒழுக ஆரம்பித்திருக்கிறது. நான் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் வேறு கதை. சிங்க் குழாய் அடைபட்டிருந்ததால், டிஷ்வாஷரின் கழிவுக் குழாய் வழியாகப் பின்னால் ஏறி உள்ளே நிரம்பி வழிந்திருக்கிறது. மஞ்சள் வந்த வழி ஒன்று, ஒழுகல் வந்த வழி இன்னொன்று. நான் நிரபராதியைப் பிடித்துத் தண்டித்திருக்கிறேன்.

அப்புறம் ரே அந்தக் கேள்வியைக் கேட்டார். கீழே, பக்கத்திலெல்லாம் ஹீட் இருக்கும்போது இந்த வால்வு உறைய வாய்ப்பே இல்லையே, வீட்டில் யாராவது ஹீட்டை அணைத்தீர்களா?

நான் தரையைப் பார்த்தேன். என் காது வரைக்கும் சூடு ஏறியது. ஆறாம் வகுப்புப் பாடம், பஞ்சபாத்திரம், ஆலனில் ஊற்றிக்கொண்ட நெய், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கேலி பண்ணின. வாயைத் திறந்தேன்.

"நான்தான். ஐ டர்ன்ட் இட் ஆஃப்," என்றார் சேகர்.

ரே அவருக்குப் பத்து நிமிடம் வகுப்பெடுத்தார். குளிர்காலத்தில் ஊருக்குப் போனால் ஹீட்டைக் குறைக்கலாம், அணைக்கக்கூடாது. சிங்க் அடியில் இருக்கும் கதவைத் திறந்து வைக்கவேண்டும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மஞ்சள் வழியும் தலையை ஆட்டி ஆட்டி, "யெஸ் சார், சாரி சார்," என்று கேட்டுக்கொண்டார் சேகர். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு வருடக் கல்யாணத்தில் அந்த ஆளை எனக்கு முழுதாகத் தெரிந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

வால்வை மாற்றி முடித்துவிட்டுக் கிளம்பும்போது ரே மேடைமேல் கிடந்த என் நோட்டைப் பார்த்தார். தமிழ் தெரியாது. ஆனால் மூன்று கலரில் மூன்று கட்டம் போட்டு, நேரம் எழுதியிருந்தது அவருக்குப் புரிந்தது. யார் செய்தது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவதுபோல. முறை சரிதான், நாங்களும் கட்டடங்களில் சாயம் விட்டுத்தான் பார்ப்போம் என்றார். ஆனால் தண்ணீர் வெளியே போகும் குழாய்க்குத்தான் சாயம். யாரும் டேப்பைத் திறக்காமலே தண்ணீர் வந்துகொண்டிருந்தால் உள்ளே வரும் குழாயைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காலையில் சேகர் கேட்ட கேள்விதான். சேகர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுவும் ஒரு தினுசில் கொடுமையாக இருந்தது.

சாயங்காலம் தரையைத் தேய்த்து முடித்துவிட்டு நான் ஃப்ரிட்ஜ் தலைமேல் இருந்த ஃபாரத்தை எடுத்தேன். மேல் மூலையில் பளிச்சென்று என் மஞ்சள் கட்டைவிரல் ரேகை.

"பந்தயத்துல தோத்துட்டனுங்க. இனி இது எதுக்கு?" என்று கிழிக்கப் போனேன். அழுகை வந்துவிட்டது. தோற்றதற்கு அழுதேனா, ரோஸ் அக்காவின் மேசைவிரிப்புக்கா, பென்சில் குறிப்புகளுக்கா என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இருக்கவேண்டும்.

சேகர் அதற்குள் இரண்டு முறை குளித்திருந்தார். இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தார். "நீ தோத்தது வாஸ்தவம்," என்றார். "ஆனா உனக்காக நான் அந்தாள்கிட்டப் பத்து நிமிஷம் பேச்சு வாங்கியிருக்கேன். அதுக்கு நீ எனக்கு ஒண்ணு செய்யோணும். அந்த ஃபாரத்த நெரப்பு."

"எல்லாம் மறந்துபோச்சுங்க. இன்னைக்குப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். காலையில இருந்து சோறு தண்ணி இல்லாம, நோட்டும் கையுமா, ஒருத்தியப் பாத்தேன். ரெண்டு வருஷத்துல உன்ன இவ்வளவு சந்தோஷமா நான் பாத்ததே இல்ல வசந்தி."

நிரப்பினேன். வேறு ஃபாரம் வாங்க நேரமில்லை. மஞ்சள் ரேகையோடே போனது. நீங்கள் சந்தித்த ஒரு பொறியியல் சிக்கலை விவரிக்கவும் என்று ஒரு கேள்வி இருந்தது. கல்லூரிப் பிராஜெக்டைப் பற்றி அழகாக எழுதி வைத்திருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, இதை எழுதினேன். எங்கே தவறினேன், எந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதினேன். ஏப்ரலில் பதில் வந்தது. அட்மிஷன். பதினைந்து நாள் கழித்து அந்தத் துறைப் பேராசிரியரைப் பார்க்கப் போனபோது, "யூ ஆர் த யெல்லோ ஒன்?" என்று கேட்டார். இன்றைக்கு நான் ஒரு நகரத்தின் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்வது, உள்ளே வரும் குழாயை முதலில் பார் என்பதுதான்.

ரோஸ் அக்காவின் கூரைக்கு மூன்று தடவை வெள்ளையடித்தார்கள். மூன்று தடவையும் மஞ்சள் மேலே வந்தது. அவர் டொரண்டோவுக்குப் போகும் வரை அது அங்கேயே இருந்தது. மேசைவிரிப்பில் பட்ட கறையும் போகவில்லை. அதற்குப் பதிலாக நான் வாங்கிக்கொடுத்ததை அவர் உறை பிரிக்காமல் வைத்துவிட்டு, பழையதையே கறை தெரிய விரித்துச் சாப்பிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் டொரண்டோவிலிருந்து போன் வரும். "என்ன பிள்ளை, மஞ்சளைப் பூட்டி வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. மூன்று வருடமாக அந்தப் போன் வருவதில்லை. பொங்கலன்று அந்த நேரத்தில் நான் இப்போதும் போனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை தேய்ந்த கதை. ஊருக்குக் கிளம்பும்போது சேகர் வாசலில் நின்று, "எதையும் ஆஃப் பண்ணலையே?" என்று கேட்பார். மகள் நிலா நாலு வயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லுவாள். போன ஜனவரியில், சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்து தனியாக இருக்கும் அவளிடமிருந்து போன்.

"அம்மா, கிச்சன் ஃப்ளோர் ஃபுல்லா வாட்டர். ஐ திங்க் இட்ஸ் த சிங்க்."

"ஊருக்குப் போயிருந்தியா? ஹீட்ட அணைச்சியா?"

"அம்மா! ஐ நோ த ஸ்டோரி. நான் அணைக்கல. பட் அந்த கார்னர் எப்பவுமே ஃப்ரீசிங்."

"டிஷ்வாஷர் அடியில பாத்தியா?"

"இட் கான்ட் பி த டிஷ்வாஷர். ஐ நெவர் யூஸ் இட்."

சேகர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"நிலா," என்றேன். "அதுல என்ன வெச்சிருக்க?"

சிகாகோவில் டிஷ்வாஷர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பளம்," என்றாள்.

சேகர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "கண்ணு, மொதல்ல அந்த மஞ்சப்பொடி டப்பாவ எடுத்து எங்கயாச்சும் ஒளிச்சு வெய்யி. அப்பறமா ஆளக் கூப்பிடு," என்றார்.